துட்டிப் பூட்டு

காலை ஐந்து நாற்பதுக்கு முப்பிடாதியின் அடுப்பு செத்துப்போனது. அடுப்பு மட்டும்தான். ஆள் யாரும் சாகவில்லை, சங்கடமே அதுதான்.

முதல் ஈடு மாவை ஊற்றி, தட்டைக் கொப்பரைக்குள் இறக்கப் போன நேரம். அடுப்புப் பலகையில் எரிந்த நீல வளையம் மங்கிச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. சுவரில் இருந்த பெட்டி ரொம்ப மரியாதையாகப் பேசியது. "நம் தெருவில் துட்டி. உடல் எடுக்கும் வரை அடுப்பு இயங்காது. ஆழ்ந்த இரங்கல்."

"எவம்ல செத்தது, யாவாரம் நடக்குத நேரத்துல?" என்று கத்தினாள் முப்பிடாதி.

நடுவீட்டுக் கட்டிலில் இருந்து அவள் புருஷன் பலவேசம்தான் பதில் சொன்னார். "எவனும் செத்துட்டுப் போறான். எனக்குக் கஞ்சிய ஊத்துட்டி."

முப்பிடாதிக்கு நாற்பத்தொன்பது வயது. நடுத்தெரு பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். அவள் வாய் ஓய்ந்து பார்த்தவர் கொடுக்காய்குளத்தில் இல்லை. இட்லி வாங்கப் போனால் சட்னியோடு நாலு வசவும் சேர்த்துக் கட்டித் தருவாள், இரண்டுக்கும் தனி விலை கிடையாது. பலவேசம் கரண்டு எடுக்கிற காற்றாடிக்குக் காவல் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏணியில் இருந்து விழுந்து இடுப்பு போய், பின்னாலேயே வாதமும் வந்து படுத்தவர்தான். அன்றிலிருந்து வெதுவெதுப்பான கஞ்சியைத் தவிர எது உள்ளே போனாலும் திரும்பி வந்துவிடும். உள்ளே இருந்து வருகிற கெட்ட வார்த்தைக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்குத் துட்டி வீடு என்று பேர். தெருவில் ஒரு துட்டி என்றால், உடம்பை எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. பூட்டன் காலத்து வழக்கம். கதவைச் சாத்திக்கொண்டு காப்பி போட்டுக் குடிக்காத யோக்கியர் அந்தக் காலத்திலேயே யாரும் இல்லை, ஆனால் அதை யார் கண்டார்கள்? ஊரைச் சுற்றிக் காற்றாடிகள் வந்து, ஊராட்சிக்கென்று சொந்தக் கரண்டு வந்தது. சிலிண்டரையெல்லாம் ஊர்வலமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். விறகடுப்பைக் கடப்பாறையால் இடித்துப் போட்டோ பிடித்து 'புகையில்லா ஊர்' என்று கேடயமும் வாங்கினார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு கனலி என்ற பெட்டி வந்தது. யார் எப்போது சமைக்கலாம், எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அது சொன்னபடிதான். வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எல்லாரும் அதன் மனம் கோணாமல் நடக்க வேண்டியிருந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள்.

மாப்பிள்ளை வந்த வருடம்தான் பெட்டிக்கடை செல்லையா செத்தார். உடம்பு தெருவில் கிடக்கிறது, ஊரே ஒப்பாரி வைக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் எந்த வீடு எவ்வளவு கரண்டு எடுக்கிறது என்று காட்டுகிற பெரிய திரை ஒன்று உண்டு. அதில் பதினோரு வீட்டுக்கு நேரே அடுப்பு படம் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் பொன்னுப்பாண்டி வீட்டில் ஒன்றே முக்கால் மணி நேரமாக எரிந்தது. தெருவில் நின்ற செல்லையா மகன் அந்தத் திரையைப் பார்த்தான். பாடையைக் கட்டப் பிடித்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "எங்கய்யா பொணத்த வச்சிக்கிட்டு கோழியா வைக்கீரு?" என்று தலைவரின் சட்டையைப் பிடித்துவிட்டான். அடுத்த மாதமே தீர்மானம் போட்டார்கள்: துட்டி விழுந்தால் தெரு முழுக்க அடுப்பை மாப்பிள்ளையே பூட்டிவிட வேண்டும், மேளத்துக்கும் மாலைக்கும் அதுவே சொல்லிவிட வேண்டும். அதற்குத் துட்டிப் பூட்டு என்று பேர். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். இட்லித் தட்டைக் கையில் வைத்திருந்ததால் முப்பிடாதி தட்டோடு தூக்கினாள்.

அதனால்தான் அன்று காலையில் அடுப்பு அணைந்ததும் தெருவே வாசலுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக் கோமு வாயில் பிரஷ்ஷோடு நின்றாள். "யாரு மயினி?"

"எங்கிட்ட கேக்க? ஒன் மாமியா எப்படி இருக்கா?"

"கால் மணி நேரமா என்னைய ஏசிக்கிட்டு இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

"எட்டாம் நம்பர் இருமலு?"

"இருமுதாரு. காதுல விழல?"

இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "எல்லாரும் இருக்கியளா?" என்று கேட்டார்கள். அறுபத்துமூன்று வீட்டிலும் ஒருத்தர் பாக்கியில்லாமல் உயிரோடு இருந்தார்கள். சில வீடுகளில் அது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஏழு மணிக்குத் தாவீது வந்தான். ஐந்து ஊர் மாப்பிள்ளைகளையும் பழுது பார்க்கிற ஆள் அவன்தான். முப்பத்தைந்து வயது, எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகம். ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் தலைவர் பிடித்துக்கொண்டார்.

"யாரும் சாகலயே தாவீது, எதுக்குவே பூட்டிருக்கு?"

தாவீது கையடக்கக் கணினியான டேப்பை எடுத்துத் திரையைத் தேய்த்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. "அண்ணாச்சி, போன துட்டிக்கு மாப்பிள்ள ரெண்டு மணி நேரம் பிந்திப் பூட்டிட்டுன்னு நீங்கதான சத்தம் போட்டிய? பாதித் தெரு தின்னு முடிச்ச பொறவு பூட்டி என்ன பிரயோசனம்னு?"

"ஆமா, கேட்டேன்."

"இனிமே பிந்தக் கூடாதுன்னு சொன்னியளா?"

"சொன்னேன்."

"பிந்தாம இருக்கணும்னா அது முந்தித்தான ஆவணும்? எவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சா பூட்டலாம்னு அது கேட்டிச்சு. தொண்ணூறு போதும்னு நீங்கதான் அமுக்குனிய."

"நான் வேகம்லா கேக்குன்னு நெனச்சேன்" என்றார் தலைவர்.

முப்பிடாதி கரண்டியோடு நடுவில் புகுந்தாள். "ஏய், வெளங்குத மாதிரி சொல்லுல. இன்னும் சாகாத ஆளுக்கா அடுப்ப அணைச்சிருக்கு?"

"ஆமாக்கா. இன்னைக்குச் சாவாங்கன்னு அதுக்குத் தொண்ணூத்தி மூணு பங்கு நிச்சயம்."

"அதுக்கு எப்படித் தெரியும், அது என்ன எமனுக்கு மச்சானா?"

"அடுப்பு சொல்லுததுதான். எந்த வீட்ல கஞ்சி மட்டும் கொதிக்கி, எங்க வேளகெட்ட வேளையில வெந்நி போடுதாங்க, பலகையில என்ன எடை ஏறுது, யாரு கை எவ்வளவு நேரம் நிக்கி, எல்லாம் பாத்துக்கிட்டே இருக்கும். துட்டி அன்னைக்கு மிஞ்சுத கரண்ட முந்தின நாளே டவுனுக்கு விக்கப் பேசி முடிக்கணும்லா? அதுக்காக முன்னக்கூட்டியே கண்டுபிடிக்கப் படிச்சுக்கிடிச்சு. முந்நூறு ஊர்ச் சாவு அதுக்கு அத்துபடி."

"யாருல அது?"

"ஆளு பேரு சொல்லக் கூடாது. அந்தரங்கம். சட்டம் இருக்கு."

"பேரு வேண்டாம்வே" என்றார் தலைவர். "வீட்டு நம்பரச் சொல்லும். அதுக்கு என்ன அந்தரங்கம், வெளியதான எழுதிப் போட்டிருக்கு?"

தாவீதுக்கு அது சரி என்று பட்டுவிட்டது. டேப்பைப் பார்த்தான். பிறகு முப்பிடாதியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "பதினாலு" என்றான்.

தெரு முழுக்க ஒரே நேரத்தில் திரும்பி அவள் வீட்டு வாசலைப் பார்த்தது. உள்ளே இருந்து பலவேசத்தின் குரல் வந்தது. "ஏட்டி, கஞ்சியக் காய்ச்சுதியா, இல்ல நெல்லு விதைக்கப் போயிட்டியா?"

அதற்கு அப்புறம் அரை மணி நேரத்தில் வாசலில் பந்தல் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத ஆட்களெல்லாம் வரிசையாக உள்ளே போய், பலவேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எவ்வளவு தங்கமான மனுஷன் என்று கண் கலங்கினார்கள். பலவேசத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு மெல்ல ருசிக்க ஆரம்பித்தது. "செத்தா இம்புட்டு நல்லவனா ஆயிருவேனா? தெரிஞ்சிருந்தா முன்னமே செத்துத் தொலைச்சிருப்பேனே" என்று சொல்லி, அழுதுகொண்டு வந்தவர்களையும் சிரிக்க வைத்துவிட்டார்.

முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கஞ்சி போய்ப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பச்சைப் பாலைக் கொடுத்தாள், பாலும் வந்தது, பித்தமும் வந்தது. சீனித் தண்ணீர் கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை. ஒன்பது மணிக்கு அவர் கை நடுங்கத் தொடங்கியது. பத்து மணிக்கு ஏசுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனுஷன் காலைப்பொழுதில் ஏசாமல் இருந்த நாளே கிடையாது.

வெளியே வந்து தலைவர் முன்னால் நின்றாள். "அடுப்பத் தொறந்து விடச் சொல்லும்."

"நானா பூட்டியிருக்கேன்? தாவீது, தொறயேம்வே."

"எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி. ஒண்ணு, ஒடம்ப எடுக்கணும். இல்லாட்டி தீர்மானத்த மாத்தணும். கூட்டத்துக்கு ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கணும்."

"நல்லாருக்குடே!" முப்பிடாதியின் குரல் கடைசி வீடு வரைக்கும் போனது. "அவரு சாவாருன்னு அடுப்ப அணைக்கிய. அடுப்ப அணைச்சாக் கஞ்சி இல்ல. கஞ்சி இல்லாட்டி அவரு செத்துருவாரு. ஒடனே எல்லாரும் சேந்து, ஆகா மாப்பிள்ள எப்படிக் கண்டுபிடிச்சிச்சு பாத்தியான்னு வாயப் பொளப்பிய. அந்தப் பெட்டிக்கு மால போட்டாலும் போடுவிய!"

கூடி நின்றவர்களுக்கும் பசி. காலைக் காப்பிகூட இல்லை. சாப்பாட்டு வண்டிகள் துட்டித் தெருவுக்குள் வர மாப்பிள்ளையே தடை போட்டிருந்தது. தங்கள் அடுப்பும் பூட்டிக்கொள்ளும் என்று பயந்து பக்கத்துத் தெருக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அங்கே நின்ற சில பேர் மனசுக்குள், ஆகிறது சீக்கிரம் ஆனால் நல்லது என்ற எண்ணம் வந்து போனதை முப்பிடாதி அவர்கள் முகத்திலேயே பார்த்தாள். கோமுவின் முகத்திலும் பார்த்தாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தீ வேண்டும், கொஞ்சம் போல. ஆனால் அந்தத் தெருவில் தீ எங்கே இருக்கிறது? சிலிண்டர் போய்விட்டது, அடுப்பு போய்விட்டது. சாமி விளக்குகூட பேட்டரி. தீப்பெட்டி தேடி நாலு வீட்டு அலமாரியைக் கலைத்தாள், ஒரு வீட்டில் பழைய பெட்டி கிடைத்தது, உள்ளே குழந்தையின் பால்பல் இருந்தது. ஐந்தாவது வீட்டுப் படி ஏறும்போது மூச்சு முட்டியது. சுவரில் இடது கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வாயு, கொப்பரை தூக்கித் தூக்கி வந்த வாயு என்று அதையும் நாலு ஏசு ஏசிவிட்டு நடந்தாள்.

அந்த நேரத்தில்தான் மேளக்காரர்களின் வேன் தெருமுனையில் வந்து நின்றது. மாப்பிள்ளை காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தது. மாசானமுத்துவும் இன்னும் மூன்று பேரும் இறங்கினார்கள். உடம்பு எங்கே என்று மாசானமுத்து கேட்டார். இன்னும் ஆகவில்லை, கொஞ்சம் இருங்கள் என்றார்கள். முப்பது வருடமாகத் துட்டிக்கு அடிக்கிற மனுஷன், இப்படி ஒரு பதிலைக் கேட்டதே இல்லை. ஆனாலும் வந்த வேலையைப் பார்ப்போம் என்று, கொண்டுவந்த பனையோலையைத் தெரு ஓரத்தில் குவித்துப் பற்ற வைத்தார். தோல் முறுக்கேறுவதற்காகத் தீயைச் சுற்றிப் பறைகளை நிறுத்தினார்கள்.

ஓலை படபடவென்று எரிகிற சத்தம் முப்பிடாதி காதில் விழுந்தது.

அவள் ஓடியதை அன்று தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கையில் பானை, மறுகையில் நொய்யரிசி. நேராகத் தீக்கு முன்னால் போய் நின்றாள். நின்று, மூச்சு வாங்கி, "அண்ணாச்சி, இதுல ஒரு ஓரமா என் பானைய வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

மாசானமுத்து நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் அவரை அண்ணாச்சி என்று ஒருத்தர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இது வேறு யாருக்கோ என்பது போலப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்று கல்லை எடுத்து நகர்த்திப் போட்டார்.

தலைவர் ஓடி வந்தார். "யம்மா, துட்டித் தெருவுல அடுப்பு எரியக் கூடாது! மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இது அடுப்பு இல்லயே தலைவரே" என்றார் மாசானமுத்து அமைதியாக. "மேளம் காய்ச்சுத தீ. மொறைப்படி எரியுத தீதான். அதுல ஒரு பானை சூடாவுது, அவ்வளவுதான்."

"ஒங்க தெருவுல மாப்பிள்ள பூட்டலியாவே?"

"எங்க தெருவுக்கு எங்க மாப்பிள்ள வந்தாரு? அடுத்த கட்டத்துல தாரோம்னு ஆறு வருசமாச் சொல்லுதிய. அதனால எங்க அடுப்பு இன்னும் எங்க பேச்சத்தான் கேக்கு."

பொன்னுப்பாண்டி தலைவர் என்பதால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கஞ்சி கொதித்தது. முப்பிடாதி அதை வடித்து, உப்புப் போட்டு ஆற்றி, பலவேசத்தின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊற்றினாள். முதல் நாலு கரண்டிக்கு அவர் கண்ணே திறக்கவில்லை. அவள் அழுதாள், அழுதுகொண்டே ஏசினாள், ஏசிக்கொண்டே ஊற்றினாள். "நீரு மட்டும் செத்தீரு, ஒம்மக் கொன்னு போட்டுருவேன் பாத்துக்கிடும்." ஏழாவது கரண்டிக்குத் தொண்டை அசைந்தது. பத்தாவது கரண்டிக்கு அவர் வாயைத் திறந்தார்.

"உப்பு கூடிப் போச்சு. நாக்கு செத்த முண்டம்."

முப்பிடாதி சந்தோஷத்தில் கரண்டியால் கட்டில் காலில் ஓங்கி அடித்தாள்.

அதற்குள் கஞ்சி வாசனை தெருவைக் கலைத்துவிட்டிருந்தது. முதலில் கோமுதான் ஒரு தூக்குவாளியோடு தீப்பக்கம் வந்தாள். யாரையும் பார்க்காமல், "மாசானமுத்து அண்ணாச்சி, ஒரு டம்ளர் டீத்தண்ணி வைக்கலாமா?" என்று கேட்டாள். பின்னாலேயே பத்து அண்ணாச்சி கேட்டது. இரண்டு மணிக்கு அந்தத் தீயைச் சுற்றி ஒன்பது பாத்திரம். மேளக்காரர்கள் வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் பாதி தெருக்காரர்கள் வயிற்றுக்குள் போயிருந்தது. முறை என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டாம் நம்பர் இருமல்காரர் மட்டும் சோற்றை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றார்.

மூன்று மணிக்கும் பூட்டு திறக்கவில்லை. பலவேசம் உட்கார்ந்த வாக்கில் காற்றாடிக் கம்பெனிக்காரனை ஏசிக்கொண்டிருந்தார். இவர் இன்றைக்குச் சாகிற ஆள் இல்லை என்பது குழந்தைக்கும் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. தாவீது டேப்பைத் தலைவர் பக்கம் திருப்பினான்.

"இன்னும் கூடிருக்கு அண்ணாச்சி. தொண்ணூத்தி ஆறு."

"கஞ்சி குடிச்சிட்டு ஊரையே ஏசுதாரு, தொண்ணூத்தி ஆறா? அந்தப் பெட்டிக்குப் பைத்தியம் புடிச்சிட்டுவே."

"அது எத வச்சுச் சொல்லுதுன்னு பாக்க ஒரு வழி இருக்கு. யாரப் பத்தின தகவலோ, அவங்களே ரேகை வச்சாத் தொறந்து காட்டும். அது தப்புன்னு நிரூபிச்சிட்டா நான் கம்பெனிக்குப் போட்டுப் பூட்ட எடுத்துருவேன்."

எல்லாரும் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். தாவீது பலவேசத்தின் பெருவிரலைப் பிடித்து டேப்பில் வைத்தான்.

"இது உங்கள் தகவல் அல்ல" என்றது டேப்.

"கை காஞ்சி போயிருக்கு" என்றாள் கோமு. "எண்ணெய் தடவுங்க."

தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார்கள். இது உங்கள் தகவல் அல்ல. எண்ணெய் அதிகம் என்று துண்டால் துடைத்து வைத்தார்கள். இது உங்கள் தகவல் அல்ல. இடது கை, வலது கை, ஆள்காட்டி விரல். தலைவர் தானே வந்து விரலை அமுக்கினார். பலவேசம், "ஒடிச்சிராதேயும், மிச்சம் இருக்கது அதுதான்" என்று கத்தினார்.

"ஒங்களுக்கு வெரல் வைக்கக்கூடத் தெரியல, நீங்க ஊர ஆளுதிய" என்றாள் முப்பிடாதி. மாவரைக்கிற மில்லில் தினமும் விரல் வைத்துப் பழகியவள். "இப்படிப் பட்டும் படாம வைக்கணும், இன்னா பாருங்க" என்று தன் பெருவிரலை வைத்துக் காட்டினாள்.

டேப் பச்சையாகத் திறந்துகொண்டது.

"வணக்கம் முப்பிடாதி" என்றது.

எல்லாரும் டேப்பை எட்டிப் பார்த்தார்கள். தாவீது குனிந்து வாசிக்க ஆரம்பித்தான். வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கியது.

"பெண், நாப்பத்தொம்பது வயசு. இட்லிக் கொப்பரைய எறக்க ஆறு மாசத்துக்கு முந்தி நாலு வினாடி. போன மாசம் ஒம்போது. இந்த வாரம் பதிமூணு. அடுப்பு மேடையில எடது கைய ஊனி நிக்கது, ஒரு நாளைக்கு முப்பத்தோரு தடவ. பானைய வச்சிட்டு உக்காந்து எந்திரிக்கது... நேத்து வேர்வை ஈரம் பலகையில..." அதற்கு மேல் அவனால் வாசிக்க முடியவில்லை. "நெஞ்சுக்கா. ஒங்க நெஞ்சு."

முப்பிடாதி டேப்பைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, முதலில் வெட்கம்தான் வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டாள். தன்னை ஒருத்தர் இவ்வளவு நாள் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஆயுசில் இதுவரைக்கும் நடந்ததில்லை.

"ஆறு மாசமாத் தெரியுமா அதுக்கு?"

"ஆமாக்கா."

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னவாம்? தெனம் காலையில வணக்கம் சொல்லுது, அரிசிய ஊறப்போடச் சொல்லுது, தண்ணியக் கொறைக்கச் சொல்லுது. இதச் சொல்ல வாய் வலிச்சிதா?"

தாவீதுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "யாரும் கேக்கலக்கா. சாவு விழுந்தா அடுப்பப் பூட்டணும்னுதான் தீர்மானம் போட்டிய. கரண்ட முன்னக்கூட்டி விக்கணும்னு போட்டிய. சாவப் போறவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு ஒருத்தரும் போடல."

கையைத் தூக்கிய அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். தலைவர் தன் கையையே பார்த்தார்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. பலவேசம் அழுதுகொண்டிருந்தார். ஏணியில் இருந்து விழுந்த அன்றுகூட அழாத மனுஷன். "ஏட்டி, மூணு வருசமா ஒன் அடுப்படிக்கு எதுத்தாப்புலதான கெடக்கேன். கஞ்சி பிந்திட்டுன்னுதான ஏசுனேன். எதுக்குப் பிந்துதுன்னு நான் பாக்கலியே. கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்கு, பாக்கலியேட்டி."

"நீரு எங்க பாத்தீரு, ஒமக்கு விட்டத்தப் பாக்கவே நேரம் சரியாப் போச்சு" என்றாள் முப்பிடாதி. அதைச் சொல்லும்போதே இடது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் என்றான் தாவீது. மாசானமுத்து போய் வேனை வீட்டு வாசல் வரைக்கும் பின்னோக்கி ஓட்டி வந்தார். சாவுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவளை உட்கார வைத்து, நாலு பேர் அப்படியே தூக்கினார்கள். போகிற போக்கில், "கோமு, அவருக்கு ராத்திரிக்கு நொய்யில காய்ச்சு, உப்பக் கொறச்சுப் போடு, தலைய ஒசத்தி வச்சு ஊத்து, ஊத்திட்டு ஒடனே படுக்கப் போடாத" என்று சொல்லிக்கொண்டே போனாள். கோமு அழுதுகொண்டே தலையாட்டினாள். கோமு காலையில் தன் முகத்தில் வந்து போனதை நினைத்துத்தான் அழுதாள், அது முப்பிடாதிக்கும் தெரியும்.

வேனில் மாசானமுத்து ஓட்ட, தாவீது டேப்போடு பக்கத்தில் உட்கார்ந்தான். தலைவர் கடைசி சீட்டில் இரண்டு பறையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கியிருந்தார். டவுன் ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். முப்பிடாதி வேர்த்துக் கொட்ட, பேசிக்கொண்டே வந்தாள். ரோட்டை ஏசினாள். மீந்துபோன மாவை நினைத்து, புளித்துப் போகுமே என்று புலம்பினாள். தலைவரைப் பார்த்து, "அந்தத் தோல் கிழிஞ்சிராம புடியும்" என்றாள்.

பிறகு திடீரென்று, "எலே தாவீது, கேட்டாத்தான சொல்லும்? கேளு. நான் பொழைப்பேனான்னு கேளு" என்றாள்.

தாவீது கேட்டான். டேப் மரியாதையாகப் பதில் சொன்னது. "இந்தத் தகவலை வழங்க ஊராட்சித் தீர்மானம் தேவை."

பின் சீட்டில் இருந்து பொன்னுப்பாண்டி பறையோடு எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டார். "போட்டாச்சு! தலைவர் நான் சொல்லுதேன், போட்டாச்சு! ஏழு நாளும் வேண்டாம், எழவும் வேண்டாம். சொல்லித் தொலை!" என்று கத்தி, விரலை நீட்டினார். தாவீது அந்த விரலைப் பிடித்து டேப்பில் வைத்தான்.

"இப்போதைய நிலையில் நூற்றுக்கு அறுபத்திரண்டு" என்றது டேப்.

"அம்புட்டுத்தானா?" முப்பிடாதி இருபது வருடம் யாவாரம் பார்த்தவள், சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லை. "கூடக் கெடைக்காதா? என்ன செஞ்சாக் கூடும்னு கேளு."

தாவீது கேட்டான். டேப் ஒரு வினாடி யோசித்தது.

"ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினால் எழுபத்தொன்று. முப்பிடாதி பேசாமல் இருந்தால் எழுபத்தெட்டு."

மாசானமுத்து கியரை மாற்றி மிதித்தார். தலைவரும் தாவீதும் மூச்சுவிடாமல் முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மாப்பிள்ளையை ஏசுவதற்காக வாயைத் திறந்தாள். கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு நாளைக்குக் காலையில் யார் கஞ்சி ஊற்றுவார்கள் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.